மூத்த மாப்பிள்ளை மறந்த பகல்

கருங்குழியில் உலகநாதனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருடைய ஞாபகசக்தியைப் பற்றியும் பேச்சு வரும். மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர் அவர். ஒருமுறை கேட்டதை மறக்க மாட்டார், ஒருமுறை பார்த்ததை விட மாட்டார் என்பார்கள். அவர் கேட்டது என்ன, பார்த்தது என்ன என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அதை அவர் மனைவி தமிழ்ச்செல்வியிடம் கேட்டிருக்க வேண்டும்.

தனக்கு யார், எங்கே, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு மரியாதை குறைத்தார்கள் என்பது முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. அவர் பெண் பார்க்க வந்த அன்று மாமனார் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே கும்பிட்டது இருந்தது. வரப்பில் வழுக்கி விழுந்து அன்றைக்கு மாமனார் காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார் என்பது மட்டும் அந்தத் தலைக்குள் இல்லை. யாரோ வீட்டுக் காதுகுத்தில் இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தது இருந்தது, அந்தப் பந்தியில் அப்பளம் நொறுங்கி வந்தது உட்பட. ஆனால் மகள் ஜோதிலட்சுமி என்ன படித்தாள் என்று கேட்டால் "ஏதோ கம்ப்யூட்டரு" என்பார். தமிழ்ச்செல்விக்குப் பித்தப்பை எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் வருகிறவர்களிடம் "குடல்வால் ஆப்ரேசன் பண்ணாங்களே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

இந்தச் சேமிப்பில் கடைசியாக வந்து சேர்ந்தது ஒரு புதுமனை புகுவிழா அழைப்பிதழ். தமிழ்ச்செல்வியின் தம்பி சின்னராசு மதுராந்தகத்தில் வீடு கட்டினான். கட்டுகிற காலம் முழுக்கக் கம்பி எங்கே வாங்குவது, மேஸ்திரி யார் என்று யோசனை சொன்னது உலகநாதன்தான். அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது, பேங்க் மேனேஜரான இளைய மாப்பிள்ளையின் பெயர் மேலேயும் மூத்த மாப்பிள்ளையான உலகநாதனின் பெயர் கீழேயும் இருந்தன. அச்சகத்தான் செய்த குளறுபடி என்று சின்னராசு வந்து தலையில் அடித்துக்கொண்டான். உலகநாதன் அசையவில்லை. விழாவுக்குப் போகவில்லை, அவளையும் விடவில்லை. தன் தம்பி வீட்டில் பால் பொங்குவதைத் தமிழ்ச்செல்வி செல்போன் வீடியோவில் பார்த்தாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. அக்காவும் தம்பியும் மட்டும் அவர் பஸ் எடுத்துப் போன பிறகு போனில் பேசிக்கொண்டார்கள்.

அவர் பஸ் எடுத்துப் போன பிறகு அவள் இன்னொன்றும் செய்தாள். மகள் கல்யாணமாகித் தாம்பரம் போய்விட்டதால் பகல் பொழுது அவளிடம் மிஞ்சிக் கிடந்தது. ஆரி வொர்க் கிளாசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செங்கல்பட்டில் ஜாக்குலின் என்ற பெண் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மாதக்கணக்கில் போய் வந்தாள். எம்ப்ராய்டரி போட்ட ஒரு ஜாக்கெட்டையாவது காட்டு என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பாள். லைசென்ஸ் வந்தது. பெண் தொழிலாளிகளை ஏற்றி வர மறைமலைநகரில் கார் பாகங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனி பெண் டிரைவர்களாகத் தேடியது. ஜாக்குலின் பேசி முடித்தாள். மாசி பிறந்ததும் வேலையில் சேர வேண்டும். அதற்குள் வீட்டில் சொல்ல வேண்டும்.

சொல்லுகிற இடத்தைத் தமிழ்ச்செல்வி யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். வறுத்த வஞ்சிரம் வயிற்றுக்குள் போனால் உலகநாதன் கொஞ்ச நேரம் மனிதராக இருப்பார். பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம் போய்க் கடலைப் பார்த்து வரலாம் என்று கிளப்பினாள். துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று தம்பியையும் ரகசியமாக வரச் சொன்னாள். தற்செயலாகப் பார்த்ததுபோல் வா, அந்தப் பழைய சண்டையும் தீர்ந்தால் தீரட்டும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு மீன் வருவதற்கு முன்பே தப்பிப்போனது. கடற்கரைக் கடையில் தட்டுக்குக் காத்திருந்தபோது சின்னராசு மணலில் சிரித்துக்கொண்டே நடந்து வந்தான். வந்தவன் நடிக்கத் தெரியாமல், "அட மாமா! நீங்களா!" என்றான்.

"இவன யாரு கூப்ட்டது?" என்று எழுந்தார் உலகநாதன். "பேர கீழ போட்டவன் மூஞ்சில முழிக்கவா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?"

"மாமா, அது பிரஸ்காரன் பண்ண..."

"பிரஸ்காரனா உனக்கு அக்காவக் கட்டிக் குடுத்தான்? நான் கட்னேன்டா!"

அந்த வாக்கியத்தில் எங்கோ பிழை இருப்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கோபம் இரட்டிப்பாகிவிட்டது. கடைக்காரர், மீன் வாங்க நின்றவர்கள், சிப்பி மாலை விற்றவள் எல்லோரும் பார்க்க, சட்டையைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டு விறுவிறுவென்று கடலுக்குள் இறங்கினார். தை மாதத்துத் தண்ணீர் சில்லென்று இருந்தது. ஒரு அலை அவரைத் தலையோடு மூழ்கடித்துத் தூக்கிப் போட்டது.

திரும்பி வந்தவர் சொட்டச் சொட்ட நின்றார். முகத்தில் கோபம் இல்லை. வேறு எதுவுமே இல்லை.

"நாம எப்ப இங்க வந்தோம்?" என்று தமிழ்ச்செல்வியைக் கேட்டார்.

"இப்பதான. பஸ்ல வந்தமே."

"அப்டியா" என்றார். துண்டால் தலையைத் துடைத்தார். "நாம எப்ப இங்க வந்தோம்?"

அவள் முதலில் நக்கல் என்றுதான் நினைத்தாள். மூன்றாவது தடவையும் அதே குரலில், அதே இடத்தில் நிறுத்திக் கேட்டபோது அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அதற்குள் அவர் சின்னராசுவைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"டேய் மச்சான்! எப்ப வந்த? வூட்டு வேல எங்க வரைக்கும் வந்து கீது? தளம் போட்டாச்சா?"

ஈர உடம்போடு சின்னராசுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வீடு கட்டி முடிந்ததும், அழைப்பிதழும், சண்டையும், கிட்டத்தட்ட ஒரு வருஷமும் அவர் தலையில் இல்லை. சின்னராசு அக்காவைப் பார்த்தான். அவனுக்கு அழுகையும் வந்தது, போட்டோ எடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்தான்.

பக்கவாதமாக இருக்கும் என்று கடைக்காரர் பயமுறுத்தினார். செங்கல்பட்டுக்குத்தான் தூக்கிப்போக வேண்டும். சின்னராசுவின் கார் நின்றிருந்தது, ஆனால் அவன் பதற்றத்தில் வீட்டுச் சாவியைக் கார்க் கதவில் நுழைத்துக்கொண்டிருந்தான்.

"குடு இப்டி" என்றாள் தமிழ்ச்செல்வி. தம்பியைப் பின்சீட்டில் தள்ளி, கணவரை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டி, வண்டியை எடுத்தாள்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஏறும்வரை உலகநாதன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"தே! நீ எப்பப் புடிச்சு வண்டி ஓட்ற?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆரி வொர்க் பொய், ஜாக்குலின், லைசென்ஸ், மாசியில் வேலை, எல்லாம்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஸ்டேரிங்கு? ஊரு சிரிக்காது? நான் இன்னா செத்தா போய்ட்டேன்?" என்று கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே எதிரில் ஒரு செங்கல் லாரி வந்தது. டிரைவர் புத்தி முந்திக்கொண்டது. "லாரி, லாரி. ஓரம் ஒதுங்கு. செகண்டு போடு." அவள் ஒதுங்கி, செகண்ட் போட்டு, தாண்டினாள். "ம். கை ஸ்டெடியா கீது" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி மலைக்கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

"தே! நீ எப்பப் புடிச்சு வண்டி ஓட்ற?"

செங்கல்பட்டு வரும்வரை இதேதான். ஆச்சரியம், அதட்டல், பிறகு ஒரு வளைவோ மாடோ வந்ததும் "கை ஸ்டெடியா கீது." ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. பின்சீட்டில் சின்னராசு முதலில் முருகனை வேண்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கண்ணாடியில் முறைத்ததும் மறுபடி முருகனைப் பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா என்ற இளம்பெண் பார்த்தாள். கை காலைத் தூக்கச் சொன்னாள், ஸ்கேன் எடுக்கவைத்தாள். பக்கவாதம் இல்லை. பிறகு உலகநாதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. சாவி, தவளை, குடை."

"சாவி, தவளை, குடை. இது பெரிய விஷயமா?" என்றார் உலகநாதன்.

"சொல்லிக்கிட்டே இருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாவி, தவளை, குடை. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினாள், நர்சிடம் ஏதோ கேட்டாள். முணுமுணுப்பு நிற்கவில்லை. எவ்வளவு நேரம் கழித்துக் கேட்டாலும் மூன்று வார்த்தையும் பத்திரமாக இருந்தன. தமிழ்ச்செல்விக்கு உயிர் வந்தது.

"ஐயா, உங்க பஸ் நம்பர் என்ன?" என்றாள் டாக்டர்.

அவர் நம்பரைச் சொன்னார், முந்தைய பஸ்ஸின் நம்பரையும், அதற்கு முந்தையதையும் சேர்த்துச் சொன்னார்.

"நான் சொன்ன மூணு வார்த்தை?"

"எந்த வார்த்தம்மா? நீ யாரு? நாம எப்ப இங்க வந்தோம்?"

டாக்டர் தமிழ்ச்செல்வியை வெளியே அழைத்து வந்து நிதானமாகச் சொன்னாள். ஒரு விஷயத்தை அந்த நேரத்துக்கு மனதில் பிடித்து வைத்திருப்பது என்றால், மூளையின் முன்பக்கத்தில் சில செல்கள் அந்த விஷயத்துக்காகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன என்று அர்த்தம். விடாமல் துடிக்கின்றனவா, விட்டு விட்டுத் துடிக்கின்றனவா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கவனம் வேறு பக்கம் போனால் துடிப்பு அந்தப் பக்கம் போய்விடும், பழையது நழுவிவிடும். அது எல்லோருக்கும் உள்ளதுதான். நழுவுவதற்குள் உள்ளே ஆழத்தில் இன்னொரு பகுதி அதை வாங்கிப் பதிந்துகொள்ளும். "உங்க வீட்டுக்காரருக்கு முன்பக்கம் நல்லா வேலை செய்யுது. பதிஞ்சுக்கிற செல்லுங்கதான் இன்னைக்கு லீவு. குளிர்ந்த தண்ணி, பெரிய கோபம், இப்படி ஏதாவது காரணத்துல சில பேருக்கு வரும். சாயங்காலத்துக்குள்ள தானா சரியாயிடும். பயப்படாதீங்க."

"பழசெல்லாம் திரும்ப வந்துடுமா?"

"வந்துடும். இன்னைக்குப் பகல்ல நடந்தது மட்டும் வராது. பதிஞ்சாத்தானே வர்றதுக்கு."

"நிச்சயமா வராதா?" என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

"வராதும்மா."

"எத்தன வருசம் கழிச்சும்?"

கணவன் மேல் இவ்வளவு பாசமா என்று டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

சின்னராசு மருந்து வாங்கப் போயிருந்தான். வார்டில் அவளும் அவரும் தனியாக இருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லலாம், சொன்னதற்கு நாளைக்கு வழக்கு வராது. அப்படி ஒரு பகல் எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும்? முதலில் சின்னதாக ஆரம்பித்தாள். பித்தப்பை என்றாள். அவர் ஆச்சரியப்பட்டார். அவர் தங்கை கொடுத்த பட்டுப்புடவையை அன்றைக்கே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவர் எகிறினார். "ஃபேன் சுத்துதா பாருங்க" என்றாள். அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார், இறங்கி வந்த முகத்தில் கோபம் துடைத்துப் போட்டாற்போல் போயிருந்தது. "நாம எப்ப இங்க வந்தோம்?" என்றார்.

அவளுக்கு இது பிடித்துவிட்டது. பாவம்தான், ஆனாலும் பிடித்துவிட்டது. குரலை ஏற்றிச் சொல்லிப் பார்த்தாள், இறக்கிச் சொல்லிப் பார்த்தாள். எந்த வார்த்தை அவரை அதிகம் சுடும் என்று தேடித் தேடிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஃபேன்.

பிறகு அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவள் அப்பா கடைசியாகப் படுத்துக் கிடந்தபோது, போய்ப் பத்து நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். அவர் விடவில்லை. காரியத்துக்குத்தான் போக முடிந்தது. இதை அவள் மெதுவாக, கத்தாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கப்பன் அன்னிக்கு நான் வந்தப்ப எழுந்திருச்சானா?" என்றார் உலகநாதன்.

ஃபேனைக் காட்டினாள். வேறு விதமாகச் சொன்னாள். அப்பா கடைசி நாளில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொன்னாள்.

"உங்கப்பன் அன்னிக்கு நான் வந்தப்ப எழுந்திருச்சானா?"

இன்னொரு தடவை, தான் தனியாகக் கொல்லைப்புறத்தில் போய் அழுததைச் சொன்னாள். பதில் மாறவில்லை. அதே குரல், அதே தலையாட்டல். அப்போதுதான் தமிழ்ச்செல்விக்கு உறைத்தது. இந்தப் பதிலை அவர் இத்தனை வருஷமாக இதே வார்த்தைகளில்தான் சொல்லி வந்திருக்கிறார், மூளையில் ஒரு செல்லும் லீவு எடுக்காத நாட்களில். அவள் சொன்னது என்றைக்கும் அங்கே பதிந்ததில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அதற்குப் பிறகு ஃபேனைக் காட்டவில்லை.

வெயில் இறங்கியபோது அவர் கேள்வி கேட்பது குறைந்தது. ஈரத் துணி காய்வதுபோல மெல்ல மெல்லத் தெளிந்தது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சின்னராசுவை ரொம்ப நேரம் பார்த்தார். பழைய முகம் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"இவன் இன்னா பண்றான் இங்க?"

"மாமா, நீங்கதான பகல்ல கட்டிப் புடிச்சீங்க" என்று சின்னராசு போட்டோவைக் காட்டினான். ஈர மார்போடு, வாயெல்லாம் பல்லாக, தானே இருப்பதை உலகநாதன் பார்த்தார்.

"நெனப்பு இல்லாதப்ப புடிச்சது செல்லாது" என்றார்.

தமிழ்ச்செல்வி கட்டிலின் அருகே வந்தாள். "வண்டி ஓட்டி உங்கள இங்க இட்டாந்தது நான். கை ஸ்டெடியா கீதுன்னு சொன்னீங்க. மாசில வேலைக்குப் போறதையும் சொல்லிட்டேன்."

"நானா? ஸ்டெடியா கீதுன்னு நானா சொன்னேன்?"

"ஆமா மாமா" என்றான் சின்னராசு. "ஒரு வாட்டி இல்ல, வழி முழுக்க சொன்னீங்க." முருகன் மேல் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தான். பொய் இல்லையே. நடுவில் வந்த அதட்டலை மட்டும் இருவரும் விட்டுவிட்டார்கள்.

"அதுவும் செல்லாது. எனக்கு மூள வேல செய்யல அப்ப."

"அப்டியா?" என்றாள் தமிழ்ச்செல்வி. "அப்ப டாக்டரம்மாகிட்ட அதையே எழுதி வாங்கிக்கலாம். மூள வேல செய்யாத ஆளுன்னு. உங்க கம்பெனில குடுத்தா பஸ்ஸு சாவிய இன்னா பண்ணுவாங்க?"

உலகநாதன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டர் ஏற்கெனவே, அவர் எப்படியும் சில வாரம் வண்டி ஓட்டக் கூடாது, செக் பண்ணிவிட்டுத்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தாங்காது.

"நெனப்போடதான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். "எனக்கு எதுவும் மறக்காது."

மாசி பிறந்தது. தமிழ்ச்செல்வி விடியற்காலையில் வேன் எடுத்தாள். உலகநாதன் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பகலைத் தேடினார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஊர் சும்மா விடுமா? பக்கத்து வீட்டு மணி, தன் மாட்டுக்கொட்டகைச் சுவரை அவர் மனைக்குள் அரையடி தள்ளிக் கட்டியதற்கு அன்றைக்கே அண்ணாத்த போனில் சரி சொல்லிவிட்டதாகச் சொன்னான். கோயில் கமிட்டிக்காரர்கள், ஆடித் திருவிழாவில் முதல் மரியாதையை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அவர் ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே அவர்களில் ஒருவரும் போனதில்லை. இல்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. எதுவும் மறக்காத மனிதர் அல்லவா? ஒவ்வொன்றுக்கும் "ஆமா, சொன்னேன்" என்று தலையாட்டிவிட்டுப் பல்லைக் கடித்தார். சின்னராசு அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மதுராந்தகம் வீட்டு ஹாலில் மாட்டிவிட்டான்.

"நான் அன்னிக்கு வேற இன்னா சொன்னேன்?" என்று தமிழ்ச்செல்வியை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கேட்பார்.

"நல்லாதான் பேசினீங்க" என்பாள். அப்பாவைப் பற்றி அவள் அதற்குப் பிறகு அவரிடம் பேசியதே இல்லை.

பங்குனியில் அவரை மறுபடி செக்கப்புக்கு வரச் சொன்னார்கள். அன்று அவளுக்கு இரண்டாம் ஷிஃப்ட். காலி வேனை எடுத்துக்கொண்டு போகும்போது செங்கல்பட்டில் இறக்கிவிடுகிறேன் என்றாள். பஸ்ஸில் போகிறேன் என்று முறுக்கிப் பார்த்தார், வெயில் அதிகமாக இருந்தது. முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் போய், பெண்கள் விட்டுப்போன தலையணைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தார். சென்னை போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தமிழ்ச்செல்வி ஒவ்வொன்றாகத் தாண்டினாள். நன்றாக ஓட்டுகிறாய் என்று அவர் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். வலது கால் மட்டும் தரையில் இல்லாத பிரேக்கை, செங்கல்பட்டு வரைக்கும், அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டே வந்தது.